சும்மா நிற்கும் சக்கரம்

போனக்காட்டைப் பேய் பங்களாவுக்காகத் தெரிந்து வைத்திருப்பவர்களே இப்போது அதிகம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால், பேப்பாறை வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டி, அகத்திய மலையின் காலடியில் வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று வருகிறது. ஆலை ஓய்ந்து துருப்பிடித்துக் கிடக்கிறது. லயங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடந்து ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பாபநாசமும் தாமிரபரணியும். கேமராவோடு வருகிறவர்கள் பங்களாவில் பேய் தேடுகிறார்கள். மழைக்காலத்தில் இங்கே ஜீப் ஓட்டுகிறவரைப் பிடித்து ஆட்டும் பேய் வேறு. அது ஜீப்பின் பின் அச்சுக்குள், ஓர் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இப்படி வைத்துக்கொள்வோம். இரவெல்லாம் மழை. தோட்டத்துக்குள் திரும்பும் ஏற்றத்தில் பாதையின் இடது ஓரம் செம்மண் சேறு, வலது ஓரம் கெட்டியான கல். ஜீப் ஏறுகிறது, திணறுகிறது, நிற்கிறது. இடது பின் சக்கரம் விர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி இறைக்கிறது. வலது பின் சக்கரம் கல்லின் மேல் சும்மா நிற்கிறது.

“அண்ணே, அந்தப் பக்கம் நல்ல தரைதானே? அது ஏன் சுத்த மாட்டேங்குது?”

ஓட்டுநர் பதில் சொல்வதில்லை. இறங்கி, டயருக்கடியில் கல்லையும் பழைய சாக்கையும் திணிக்கப் போய்விடுகிறார். கேள்வி என்னவோ அருமையான கேள்வி. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுந்திருக்கிறது, தரையைப் பிடிக்கக்கூடிய சக்கரம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் வலு போய்ச் சேரவில்லை. யார் தடுத்தது?

தடுத்தது டிஃபரன்ஷியல். அதைக் குற்றம் சொல்வதற்கு முன், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட வேண்டும். விதுரா வட்டாரத்திலிருந்து பிரியும் இன்னொரு பாதை பொன்முடிக்குப் போகிறது. அதில் 22 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. கொண்டை ஊசியில் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய அரைவட்டம் போடுகிறது, உள்பக்கச் சக்கரம் சின்ன அரைவட்டம் போடுகிறது. பழைய வில்லீஸ் ஜீப்பில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1.23 மீட்டர். முழுதாகத் திரும்பும் ஒரு வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட வேண்டிய தூரம் இந்த 1.23-ஐ பை (π) என்ற எண்ணால் பெருக்கினால் வரும்: சுமார் 3.9 மீட்டர். வளைவு அகலமானதா குறுகலானதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. கொண்டை ஊசி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வித்தியாசம் அதே 3.9 மீட்டர்தான். இரண்டு சக்கரங்களையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால், ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஒரு டயர் இந்தத் தூரத்தைத் தேய்ந்தே கழிக்க வேண்டும். இல்லையென்றால் அச்சு முறுக்கிக்கொள்ளும்.

1827-இல் ஒனெசிஃபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர் நீராவி வண்டிக்காக இதற்கு வழி கண்டு காப்புரிமை எடுத்தார். இன்று ஓடும் டிஃபரன்ஷியலின் தாத்தா அதுதான். கடிகாரக்காரர் என்பது பொருத்தம். உள்ளே இருப்பதெல்லாம் பல்சக்கரங்கள்தானே.

எஞ்சினிலிருந்து நீளமாக வரும் புரொப்பெல்லர் தண்டு பினியனைச் சுற்றுகிறது. பினியன் கிரவுன் வீலைச் சுற்றுகிறது. கிரவுன் வீல் ஒரு கூண்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. கூண்டின் நடுவே ஒரு தண்டில் ஸ்டார் பினியன்கள், அவற்றின் இருபுறமும் பல் கடித்தபடி சைடு கியர்கள். இடது சைடு கியர் இடது சக்கரத்துக்கு, வலது சைடு கியர் வலது சக்கரத்துக்கு. நேர்ப்பாதையில் ஸ்டார் பினியன் தன் தண்டில் சுழலாமல் கூண்டோடு சேர்ந்து உருளும். வளைவில் அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஒரு பக்கத்தில் குறைத்ததை மறுபக்கத்தில் கூட்டிக் கொடுக்கும்.

வேகத்தைப் பிரிக்கும் கதை இது. வலு எப்படிப் பிரிகிறது என்பதற்கு மாட்டு வண்டியே போதும். நுகத்தடியின் நடுப்புள்ளி ஏர்க்காலில் மாட்டியிருக்கிறது, இரு முனையிலும் ஒவ்வொரு காளை. நடுவில் நுகம் தாராளமாகத் திரும்பும்படி இருந்தால், இரண்டு காளைகளும் சரிசமமாகத்தான் இழுக்க முடியும். இடது காளை சேற்றில் சறுக்கி இழுப்பை விட்டால் நுகத்தின் இடது முனை பின்னால் போகும், வலது முனை முன்னால் போகும், வண்டி நகராது. வலது காளை காங்கேயமாகவே இருக்கட்டும். அது போடும் பலத்துக்கு எதிர்ப்பலம் மறுமுனையில் இல்லையே. ஸ்டார் பினியன் செய்வதும் நுகத்தடியின் வேலையைத்தான். இரண்டு பக்கமும் சமமாகத்தான் கொடுப்பேன் என்று அடம் பிடிக்கும். பலவீனமான பக்கம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பலமான பக்கத்துக்கும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவு. ஆட்களோடு சேர்த்து ஜீப் 1,500 கிலோ. பின் அச்சில் 800, ஒவ்வொரு சக்கரத்திலும் 400. இடது பக்கச் சேற்றின் பிடிப்புக் கெழு 0.1, ஆக 40 கிலோ இழுவிசை. வலது பக்கக் கல்லின் கெழு 0.6, அங்கே 240 கிலோ இழுவிசை கிடைக்கும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 1,500 கிலோவைத் தூக்க 150 கிலோ விசை வேண்டும். பின் சக்கர இயக்கத்தில் கிடைப்பது 40-உம் அதற்குச் சமமான இன்னொரு 40-உம் சேர்ந்து 80. ஜீப் நிற்கிறது. கல் மீதிருக்கும் சக்கரத்தில் இன்னும் 200 கிலோ சேமிப்பு கிடக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை.

இங்கே ஓட்டுநர்கள் மத்தியில் உலவும் ஒரு வைத்தியத்தைச் சோதித்துவிடலாம். சக்கரம் சுற்றும்போது பிரேக்கை லேசாக அழுத்தினால் மறுசக்கரத்துக்கு வலு போகும் என்பார்கள். இரு பக்கமும் 40 கிலோ பிரேக் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். இடது சக்கரத்தில் சேற்றின் 40, பிரேக்கின் 40, மொத்தம் 80. அதற்குச் சமமாக வலது பக்கமும் 80 வரும். ஆனால் வலது சக்கரத்தையும் பிரேக் 40 கிலோவுக்குப் பிடித்து வைத்திருக்கிறது. மிச்சம் 40. கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொண்டாயிற்று. சுற்றுகிற சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடித்தால்தான் கணக்கு மாறும். டிராக்டர் ஓட்டும் விவசாயிக்கு இது நெடுநாளாகத் தெரியும். டிராக்டரில் இடது பிரேக் தனி, வலது பிரேக் தனி. சேற்று வயலில் எந்தச் சக்கரம் வெறுமனே சுற்றுகிறதோ அந்தப் பெடலை மிதிப்பார். இன்றைய கார்களில் கணினி ஒரே ஒரு சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்துச் செய்வதும் இந்த வேலைதான். பிரேக் லாக்கிங் டிஃபரன்ஷியல் என்று விளம்பரத்தில் பெயர் பெரிதாக இருக்கும்.

கால் பிரேக்குக்குப் பதில் கை பிரேக்கை இழுத்துப் பார்க்கலாம் என்றால், வில்லீஸ் ஜீப்பில் அதற்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. அதன் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், புரொப்பெல்லர் தண்டைப் பிடிக்கும் டிரம்மில் இருக்கிறது. டிஃபரன்ஷியலுக்கு முன்னாலேயே பிடித்தால் எஞ்சினோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்சம். இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சரிவில் கை பிரேக்கை மட்டும் நம்பி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். புரொப்பெல்லர் தண்டு அசையாமல் நிற்க, ஜீப் மட்டும் கிளம்பிவிடும். டயர் மாற்றும் முன் கல் வைப்பது வெறும் பழக்கம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்று கேட்கலாம். லீவரைத் தள்ளி ஃபோர் வீல் போட்டால் முன் அச்சுக்கும் வலு போகும். ஆனால் முன் அச்சிலும் அதே நுகத்தடி. இடது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் சேற்றில் இருந்தால், வலது பக்கம் இரண்டும் வேடிக்கை பார்க்கும். ஃபோர் வீல் ஜீப் என்று பெயர்தானே தவிர, அது உறுதியாகத் தருவது அச்சுக்கு ஒரு சக்கரம், அதுவும் பிடிப்பில்லாத சக்கரத்தின் அளவுக்கு.

இதே நுகத்தடி, நேர் எதிரான ஒரு சூழலில், அமெரிக்காவைப் படுத்தியது.

1964-இல் போன்டியாக் நிறுவனம் ஜிடிஓ என்ற காரைக் கொண்டுவந்தது. நடுத்தர உடலுக்குள் 6.4 லிட்டர் வி8 எஞ்சின், 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் வைத்ததில் 348. மசில் கார் என்ற வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது இதுதான் என்பது பரவலான கருத்து. ஒப்பிட, உலகப் போர்க்கால வில்லீஸ் ஜீப்பின் 2.2 லிட்டர் எஞ்சின் 60 குதிரைத்திறன். ஜிடிஓவின் முறுக்குவிசை 580 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் பின் அச்சும் அதைப் பெருக்கும்போது சக்கரங்களுக்கு வருவது 4,500-ஐத் தாண்டும். அன்றைய ஒல்லி டயர்கள் தரையில் பிடிக்கக்கூடியதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அது. போனக்காட்டில் தரை போதவில்லை. அமெரிக்காவில் தரை தாராளம், எஞ்சின்தான் மிஞ்சிவிட்டது. முடிவு ஒன்றுதான்: ஒரு டயர் புகைந்து சுற்றும், மற்றது சும்மா வரும்.

எந்த டயர் என்பதுகூட முன்கூட்டியே தெரியும். புரொப்பெல்லர் தண்டு பினியனை முறுக்கும்போது பின் அச்சு முழுவதையும் சேர்த்து முறுக்குகிறது. பின்னாலிருந்து பார்த்தால் இடது சக்கரம் தரையில் அழுந்துகிறது, வலது சக்கரம் லேசாகத் தூக்கப்படுகிறது. ஆகவே வலது சக்கரம்தான் முதலில் வழுக்கும். தார் ரோட்டில் ஒற்றைக் கறுப்புக் கோடு விழும். காசு கொட்டி வாங்கிய காருக்கு இது பெரிய அவமானம்.

தீர்வு பந்தயத் தடத்தில் முன்பே பிறந்திருந்தது. 1930-களில் ஆட்டோ யூனியனுக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த பந்தயக் காரில், மணிக்கு 160 கிலோமீட்டர் வரை எந்த வேகத்திலும் ஒரு பின் சக்கரம் வழுக்கிச் சுற்றியது. 1935-இல் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்திடம் சொல்லி, வழுக்கலுக்கு வரம்பு கட்டும் டிஃபரன்ஷியலைச் செய்ய வைத்தார். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி. (போலீஸ்காரர் எதிரில் இந்தச் சுருக்கத்தை உரக்கச் சொல்லாமல் இருப்பது நல்லது.) அமெரிக்காவில் 1956-இல் பேக்கர்ட், ஸ்டூடிபேக்கர் கார்களில் வந்தது, 1957-இல் செவர்லே அதைப் பாசிட்ராக்‌ஷன் என்ற பெயரில் விற்றது. பிறகு ஆளுக்கொரு பெயர். கிரைஸ்லரில் ஷ்யூர் கிரிப், ஃபோர்டில் டிராக்‌ஷன் லாக், போன்டியாக்கில் சேஃப்டி டிராக்.

1992-இல் வந்த ‘மை கசின் வின்னி’ என்ற ஹாலிவுட் படத்தில் கொலை வழக்கே இதை வைத்துத்தான் உடைகிறது. தப்பிய காரின் இரண்டு டயர்களும் சமமாகத் தடம் பதித்திருக்கின்றன. ஆகவே அது 1964 பியூக் ஸ்கைலார்க்காக இருக்க முடியாது, 1963 போன்டியாக் டெம்பெஸ்ட்தான் என்று மெக்கானிக் குடும்பத்துப் பெண் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறாள். அந்த வேடத்துக்காக மரிசா டோமேய்க்குச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. டிஃபரன்ஷியலுக்குக் கிடைத்த ஆஸ்கர் என்றும் சொல்லலாம்.

இந்தியாவின் மசில் கார் என்று ரசிகர்கள் செல்லம் கொஞ்சுவது கான்டெஸாவை. பிரிட்டனின் வாக்ஸாலிலிருந்து உடலை வாங்கி 1984-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்தது. பின் சக்கர இயக்கம், நீண்ட பானெட், கம்பீரமான முகம், உள்ளே முதலில் இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். காய்ந்த தார் ரோட்டில் டயரை வழுக்கவைக்கும் வலுவே இல்லாத வண்டிக்கு எல்எஸ்டி எதற்கு? பின்னால் இசுஸுவின் 1.8 லிட்டர் வந்து மானம் காத்தது. 2002-இல் தயாரிப்பு நின்றது. பழைய கான்டெஸாவை வாங்கிப் பெரிய எஞ்சின் வைக்க நினைப்பவர்களுக்குத்தான் பின் அச்சைப் பற்றிய கவலை வர வேண்டும்.

மறுபடி நுகத்தடிக்கு வருவோம். நடுவில் தாராளமாகத் திரும்பும் நுகத்தை ஏர்க்காலோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் அது லாக்கர். ஒரு காளை சறுக்கினாலும் மற்றது முழுப் பலத்தையும் காட்டலாம், ஆனால் வண்டி திரும்பும்போது கழுத்து வலிக்கும். கயிறு ஓரளவு இழுத்தால் நழுவி வழிவிடும், அதுவரை பிடித்து நிற்கும் என்றால் அது எல்எஸ்டி. அந்தக் கயிறு எந்த ரகம் என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

மசில் கார்களின் காலத்தில் அதிகம் வந்தது கிளட்ச் பிளேட் ரகம். சைடு கியருக்கும் கூண்டுக்கும் இடையே பிளேட்டுகள் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒன்று கியரோடு சுற்றும், அடுத்தது காது வைத்துக் கூண்டோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் அவற்றை எப்போதும் கொஞ்சம் நெருக்கியபடி இருக்கும். எஞ்சின் வலு ஏறும்போது சாய்ந்த பற்கள் சைடு கியரை வெளிப்பக்கம் தள்ளி இன்னும் நெருக்கும். டானாவின் பவர் லாக் என்ற வகையில் ஸ்டார் பினியனின் தண்டே சரிவான பள்ளத்தில் ஏறிக் கூடுதலாக நெருக்கும். இன்னொரு ரகத்தில் பிளேட்டுக்குப் பதில் கூம்பு. கிரைஸ்லர் 1969 வாக்கில் தன் 8¾ அங்குல அச்சில் பிளேட்டிலிருந்து கூம்புக்கு மாறியது. கூம்பு எளிமையானது, ஆனால் தேய்ந்தால் பிளேட்டைப் போல மாற்றிப் போட முடியாது. மூன்றாவது, தேய்மானப் பிளேட்டே இல்லாத பல்சக்கர ரகம். வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற டார்சென் இந்தக் குடும்பம்.

எல்எஸ்டியின் குணத்தை ஒரே எண்ணில் சொல்வார்கள்: பிடிப்பில்லாத பக்கம் தாங்குவதைப் போல எத்தனை மடங்கு மறுபக்கத்துக்குக் கொடுக்கும் என்பது. மூன்று மடங்கு என்றால் நம் ஜீப்பில் 40-உம் 120-உம் சேர்ந்து 160. தேவை 150. தத்தித் தத்தி ஏறிவிடும். முழு லாக்கர் என்றால் 40-உம் 240-உம், மொத்தம் 280. ஆனால் பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தின் மூன்று மடங்கும் பூஜ்யம்தான். டார்சென் அங்கே கைவிரிக்கும். கிளட்ச் ரகத்தில் ஸ்பிரிங்கின் நெருக்கம் இருப்பதால் கொஞ்சமாவது இழுக்கும். டார்சென்காரருக்கு ஓர் ஆறுதல்: முன்பு பொய்யாய்ப் போன பிரேக் வைத்தியம் இங்கே பலிக்கும். அந்தரச் சக்கரத்தில் பிரேக் 40 கிலோ பிடித்தால் மறுபக்கம் 120 வரும். அதில் பிரேக் 40-ஐத் தின்றாலும் 80 மிஞ்சும்.

ஆக, எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நேர்க்கோட்டில் கால் மைல் பாய்கிற காருக்குத் தடதடக்கும் லாக்கரும் சரிதான். வார இறுதியில் குடும்பத்தோடு போய்வரும் பழைய காருக்கு மிதமான ஸ்பிரிங் வைத்த கிளட்ச் ரகமோ, சத்தமில்லாத பல்சக்கர ரகமோ போதும். அந்தரத்தில் சக்கரம் தொங்கும் பாறைப் பாதையில் லாக்கர்தான் காப்பாற்றும். இந்தியாவில் ஃபோர்ஸ் கூர்க்கா முன், பின் இரண்டு அச்சிலும் ஓட்டுநர் பூட்டக்கூடிய லாக்கோடு வந்தது. 2015-இல் புதுப்பித்த மஹிந்திரா தாரில் ஈட்டன் நிறுவனத்தின் தானியங்கிப் பூட்டு பின் அச்சில் வந்தது. அதன் மூளை கணினியில்லை, இரும்புதான். இரு சக்கரங்களின் சுழற்சி வித்தியாசம் நிமிடத்துக்கு 100 சுற்றை எட்டினால் குட்டி எடைகள் விரிந்து ஒரு பல்லில் கொக்கி மாட்டும், பிளேட்டுகள் நெருங்கிப் பூட்டிக்கொள்ளும். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் இன்னொரு எடை குறுக்கே நின்று கொக்கியை மாட்டவிடாது. வேகத்தில் திடீரென்று பூட்டினால் வண்டி சுழன்றுவிடும் அல்லவா?

போனக்காடு போன்ற இடங்களின் குறுகிய மலைப் பாதைகளில் லாக்கர் ஆசைக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றது நின்றபடி தரையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. ஜீப் முன்னேறாது, ஆனால் பக்கவாட்டில் நகரவும் நகராது. பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்து வழுக்கினால் கவ்வுவதற்கு ஆளில்லை. பாதை பள்ளத்தாக்கின் பக்கம் சாய்ந்திருந்தால் பின்பாகம் அந்தப் பக்கமாகவே இறங்கும். மாட்டிக்கொள்வதைவிட மோசமான இடங்களும் மலையில் உண்டு.

தேர்வு முடிந்தால் வாங்குவதில் ஒரு சிக்கல். ஒரே பெயர் கொண்ட அச்சுக்குள் பல ஜாதி. டானா 44 என்ற அச்சை எடுத்துக்கொண்டால், அது ஸ்டூடிபேக்கர் வி8 கார்களிலும் இருந்தது, வில்லீஸ் சிஜே ஜீப்களின் பின்புறத்திலும் இருந்தது. மசில் காரும் மலை ஜீப்பும் சந்திக்கும் இடம். ஆனால் ஜீப்பில் கிரவுன் 43 பல், பினியன் 8 பல், விகிதம் 5.38. வேகக் காருக்கு விகிதம் குறைவு, பினியன் பெரிது. பினியன் பெரிதானால் கிரவுன் தள்ளி உட்கார வேண்டும். ஆகவே 3.73 வரைக்கும் ஒரு கூண்டு, 3.92-உம் அதற்கு மேலும் இன்னொரு கூண்டு. ஆக்சில் தண்டின் பள்ளங்களும் பழையதில் 19, பிந்தையதில் 30. இந்த இரண்டையும் எண்ணாமல் காசு கொடுத்தவர் பெட்டியைப் பிரித்ததும் தலையில் கை வைப்பார்.

பழைய எல்எஸ்டி ஏற்கெனவே இருந்தால், உயிரோடு இருக்கிறதா என்று ஸ்பேனர் தொடாமலே பார்க்கலாம். இரு பின் சக்கரங்களையும் ஸ்டாண்டில் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்ற வேண்டும். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் அது சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தேய்ந்து சாதாரணமாகிவிட்ட எல்எஸ்டி. ஒரே திசையில் வந்தால் உயிர் இருக்கிறது. எவ்வளவு உயிர் என்று அறிய ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு, மற்றதை டார்க் ரெஞ்ச் போட்டுத் திருப்பி, எந்த அளவில் நழுவுகிறது என்று பார்த்துக் கையேட்டில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள்.

திறக்கும்போது முதல் சாட்சி ஆயில். அடியில் கறுப்பு மை போன்ற பசை காந்தத்தில் ஒட்டினால் அது வயதின் தேய்மானம். செதில் செதிலாகவோ பல் முனையாகவோ வந்தால் கதை வேறு. பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் எது இடது, எது வலது, எந்தப் பக்கம் மேல் என்று பஞ்ச் உளியால் குறி போட வேண்டும். அவை அந்தந்த இடத்தில் வைத்தே கடைசல் பிடிக்கப்பட்டவை, மாற்றிப் போட்டால் பேரிங் சரியாக உட்காராது. இருபுறமும் இருந்த ஷிம் என்ற மெல்லிய தகடுகள் தனித்தனிப் பொட்டலமாக. இந்த ஒழுங்கைப் பார்த்தே மெக்கானிக்கை எடை போட்டுவிடலாம்.

பிளேட்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து பார்ப்பார்கள். நீலம் பாய்ந்தவை சூடு கண்டவை, அவற்றுக்கு மறுவாழ்வு கிடையாது. காதுகள் உட்காரும் பள்ளங்களில் கூண்டே தேய்ந்து படிக்கட்டு விழுந்திருந்தால் புதுப் பிளேட் போட்டும் பயனில்லை. ஸ்டார் பினியன் ஏறும் தண்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பது பழைய முறை, இன்றும் செல்லும். புதிய பிளேட்டுகளை உராய்வைப் பதப்படுத்தும் திரவம் கலந்த கியர் ஆயிலில் ஊறப்போட்டுத்தான் அடுக்க வேண்டும். காய்ந்த பிளேட்டைப் போட்டால் முதல் வளைவிலேயே வறுபடும்.

இதற்கு மேல்தான் நிஜமான கைவேலை. கிரவுனும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஆட்டம் பொதுவாக 0.15-இலிருந்து 0.25 மில்லிமீட்டர். நாலைந்து தலைமுடியைச் சேர்த்து வைத்தாலே தாண்டிவிடும் அளவு. டயல் கேஜ் வைத்து, ஷிம்மை ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் போட்டு, மறுபடி இறுக்கி, மறுபடி அளந்து, அரை நாள் ஓடிவிடும். பிறகு பற்களில் மஞ்சள் வண்ணப் பசை தடவிச் சுற்றினால் உரசிய இடம் தடமாகத் தெரியும். தடம் பல்லின் நடுவே விழ வேண்டும். உச்சியிலோ அடியிலோ விழுந்தால் பினியனின் ஆழம் தப்பு. அதன் பின்னால் இருக்கும் ஷிம்மை மாற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுமையில்லாதவர் ‘ஓடட்டும் பார்க்கலாம்’ என்று மூடிவிடுவார். 50 கிலோமீட்டர் வேகத்தில் அச்சு ஊளையிடத் தொடங்கும், அது அவரைப் பார்த்துத்தான்.

ஆயில் ஜிஎல்-5 ரகம். அதையே பழைய ஜீப்பின் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடுவதில் ஒரு சங்கடம்: அங்கே பித்தளைச் சிங்க்ரோ வளையங்கள் இருக்கும், இந்த ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அவற்றுக்கு ஆகாது. அங்கே ஜிஎல்-4. முதல் ஓட்டத்துக்கு ஒரு காலி மைதானம் வேண்டும். பைக் லைசென்சுக்கு எட்டுப் போட்டதுபோல மெதுவாகப் பத்துப் பதினைந்து எட்டுப் போட்டால் புதுப் பிளேட்டுகளுக்கு இடையே ஆயில் சீராகப் பரவும். திரும்பும்போது அடியில் கடகடவென்று நடுக்கம் கேட்டால் உராய்வுத் திரவம் போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி எட்டு.

மலைப் பாதைக்கு வந்த பின்னும் ஒரு சின்னப் பொருளை மறக்கக் கூடாது. அச்சின் மேல் சுண்டுவிரல் அளவில் ஒரு மூச்சுக்குழாய். ஏற்றம் ஏறிச் சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் முங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். குழாய் சேறு அடைத்திருந்தால், சுருங்கிய இடத்தை நிரப்பச் சீல் வழியாகத் தண்ணீர்தான் உள்ளே வரும். மழைக்காலம் முடிந்து வடிகால் போல்ட்டைக் கழற்றும்போது ஆயில் பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் இறங்கினால், தேயிலைத் தோட்டத்தில் அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. பிளேட்டுகளை மறுபடி வெளியே எடுக்க வேண்டும்.